ஹரீராவில் விழுந்த புத்தகப் பசை

சலே, மொராக்கோ,
ரமலான் பிறை பதினெட்டு

மரியாதைக்குரிய மச்சான் ஹாஜி தாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை ரஹ்மாவின் கணவனும் ஓய்வுபெற்ற தபால்காரனுமான இத்ரீஸ் சலாம் கூறி எழுதுவது. தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கு உங்கள் தங்கையும் நலம் என்றே நினைக்கிறேன். மூன்று நாளாக என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நான் உட்கார்ந்த இடத்தையெல்லாம் அவளுக்கு அப்போதுதான் பெருக்க வேண்டியிருந்தது. அதனால் எங்கள் தெரு ரொட்டி அடுப்புக்கு மேல்மாடியில் ஓவிய டீச்சர் ஸுஹூர் நடத்தும் கைப்புத்தகக் குழுவில் சேர்ந்தேன். ஏழு பெண்கள், நான் ஒருத்தன். தாள் மடிக்கிறோம், தைக்கிறோம், படம் வரைந்து ஒட்டுகிறோம், நடுவில் ஊர்வம்பு. என் புத்தகத்தின் பெயர் 'நான் தட்டிய கதவுகள்'. பக்கத்துக்கு ஒரு காகிதக் கதவு, திறந்தால் உள்ளே அந்த வீட்டு ஆட்கள், என்னைத் திட்டிய கோலத்திலேயே. இதில் சம்பந்தி அம்மா லல்லா பத்தூலின் கதவும் உண்டு. தலையில் மருதாணி அப்பிக்கொண்டு, கையில் செருப்போடு, தபால் தாமதமானதற்கு என்னைப் பிடித்த பிடி இருக்கிறதே, அதை அப்படியே வரைந்திருந்தேன். அவர் கணவர் மேஜைக்கு அடியில் இருப்பது மட்டும் என் கற்பனை. நம் பெண் சிஹாமை அந்த வீட்டுக்குக் கேட்டு வந்ததும் அந்தப் பக்கத்தை என்ன செய்வதென்று யோசித்தேன். படத்தைக் கிழிக்க மனசு வரவில்லை மச்சான், மூக்கு அவ்வளவு பொருத்தமாக வந்திருந்தது. அந்தக் கதவை மட்டும் பசை போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பூச்சி அரிக்காமலிருக்கப் படிகாரம் போட்டு மாவுப்பசை காய்ச்சி, நீர்க்கக் கரைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். பக்கத்திலேயே, அதே மாதிரிக் கிண்ணத்தில், நோன்பு திறக்கும் ஹரீரா சூப்பைக் கெட்டியாக்க உங்கள் தங்கை கரைத்து வைத்த மாவு. குழப்பம் வரக்கூடாதென்று என் கிண்ணத்தில் 'புத்தகத்துக்கு' என்று சீட்டு ஒட்டினேன், என் கையால் ஒட்டினேன், குர்ஆன் மீது கைவைத்துச் சொல்வேன். மறுநாள் காலை சீட்டு இருந்த கிண்ணத்தைத்தான் எடுத்துக் கதவை ஒட்டினேன். கொஞ்சம் நீர்த்திருந்தது, குளிரில் அப்படித்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை கல்யாணத் தேதி குறிக்கச் சம்பந்தி வீட்டார் நோன்பு திறக்க வந்தார்கள். பேரீச்சம்பழம் வரை எல்லாம் ஒழுங்கு. லல்லா பத்தூல் ஹரீராவில் ஒரு கரண்டிதான் குடித்தார், வாய் அப்படியே சுருங்கிவிட்டது, வாய்க்குள் படிகாரம் போனால் வேறென்ன ஆகும், மாப்பிள்ளை அனஸ் மரியாதைக்காகக் கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு உதட்டைப் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். இந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவானோ என் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறார். அந்த அம்மா புரட்டினார். ஒட்டிய கதவு, தட்டாமலே திறந்துகொண்டது.

சுருங்கிய வாயோடு அவர் சொன்னது ஒன்றுதான்: "என் புருஷன் எதுக்குய்யா மேஜைக்கடியில இருக்காரு?"

போய்விட்டார்கள். சீட்டு அவளுடைய கிண்ணத்தில் இருந்ததாக நானும், தன் கிண்ணத்தில் இருந்ததே இல்லை என்று ரஹ்மாவும் சண்டை. ஆகவே மச்சான், தாங்கள் வெள்ளிக்கிழமை புறப்பட்டு வந்து, சமாதானத்துக்கு ஒரு சர்க்கரைக் கூம்போடு என்னையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், எப்படியாவது இந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். உங்கள் தாடிக்கு அவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். பெண்ணின் வாழ்க்கை.

பெரியவர்களுக்குச் சலாமும் சின்னவர்களுக்கு என் துஆவும். மீதி நோன்பையும் இறைவன் லேசாக்குவானாக.

இப்படிக்கு,
இத்ரீஸ்

பின்குறிப்பு: உறை வாங்கிவரச் சிஹாமிடம் சொன்னேன். கடிதத்தைப் படித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டாள். சீட்டை மாற்றி ஒட்டியது அவளாம். ஹரீரா போதாதோ என்று புத்தகத்தையும் எடுத்து வைத்தது அவளேதானாம். ஏன்டி இப்படிச் செய்தாய், வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"மூணு தடவை சொன்னேன் வாப்பா, இந்த மாப்பிள்ளை வேணாம்னு. நீங்க புக்கு தைச்சிக்கிட்டு 'ம்'னீங்க."

வெட்கமாக இருந்தது மச்சான். வெள்ளிக்கிழமை வாருங்கள், ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். ரஹ்மாவிடம் இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. எங்களோடு நிற்க ஒரு ஆள் வேண்டும்.