புள்ளி எழுத்தில் ஒரு சிந்தனை

தான் எப்படிக் கற்கிறோம் என்று மனிதன் தானே யோசிக்கத் தொடங்கிய நாள் எது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. திருத்தங்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்று அதைத் தீர்த்துவைத்தது. போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. ஆங்கிலத் துறையின் சுற்றறிக்கை அப்போதுதான் வந்தது. தாம் ஆங்கிலம் கற்கும் விதத்தைப் பற்றி மாணவர் ஒவ்வொருவரும் "சுயமாகச் சிந்தித்து"க் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பத்து மதிப்பெண்.

இறுதியாண்டு முருகேஸ்வரிக்கு ஆங்கில டீச்சராக ஆசை. இந்தப் பத்து கைவிட்டுப் போனால் பட்டம் இல்லை; பட்டம் இல்லாவிட்டால் பி.எட். இல்லை.

குறிப்பேடு அடிக்கும் ஆர்டர் சிவகாசிக்குப் போனது. வெறுந்தாளைத் தைத்துக் கொடுக்க அந்த ஊர் பிரஸ்காரருக்கு மனசு வரவில்லை, உள்ளே அச்சடிக்க மேட்டர் கேட்டார். துறைத்தலைவர் சீனிவாசகம், பிள்ளைகள் என்ன சிந்திப்பார்கள் என்று தாமே சிந்தித்து எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சினேன், பேராசிரியர்களால் அச்சம் நீங்கினேன், நன்றி. பிரஸ்ஸில் அப்போது ஒன்றாம் வகுப்புக் காப்பி நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதே கையோடு இதையும் புள்ளி எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டார்கள். நூற்றுப் பத்தொன்பது பேர் புள்ளிமேல் பேனாவை ஓட்டி, ஒரு மணி நேரத்தில் சிந்தித்து முடித்தார்கள்.

நூற்றிருபதாவது ஆளான முருகேஸ்வரி ஓரத்து வெற்றிடத்தில் எழுதினாள். மூன்று வருடத்தில் வகுப்பில் தன்னை யாரும் ஒரு வாக்கியம் பேசச் சொன்னதில்லை. பெரியம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் சீசனுக்கு ஃபோன் எடுக்கப் போய், ஒடிசா வியாபாரிகளிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் ஆங்கிலம் வந்தது.

சீனிவாசகம் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"ஏம்மா புள்ளிய விட்டு வெளிய போனே?"

"நீங்கதான சார் சொந்தமா யோசிக்கச் சொன்னீக."

"சொன்னோம். அதுக்குன்னு இம்புட்டா யோசிக்கிறது?"

மறுவாரம் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. குழுவின் வெளிமாநிலத்துத் தலைவர் மாணவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அச்சம் நீங்கிய நூற்றுப் பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சீனிவாசகமும் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, முருகேஸ்வரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அவள் எழுந்தாள். லோடு ஏன் வரவில்லை என்று கத்தும் வியாபாரியைச் சமாளித்த தைரியத்தில் கால்மணி நேரம் பேசினாள். பேசப் பேச அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. தலைவர் நெகிழ்ந்துபோய், எல்லாம் குறிப்பேட்டின் மகிமை என்று சீனிவாசகத்துக்குக் கைகொடுத்தார். கல்லூரிக்கு முதல் தரம் கிடைத்தது.

மாதக் கடைசியில் மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். மற்ற எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. முருகேஸ்வரிக்குப் பூஜ்யம். எதிரே, துறைத்தலைவர் கையெழுத்தோடு, காரணமும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது:

"இம்மாணவி ஆங்கிலம் கற்றுக்கொண்டதற்கும் இத்துறைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை."