நீர்மட்டத்துக்கு மேலே தோட்டப் பிரிவு

அலுவலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தே தீர வேண்டும். முன்வாசல் குளம் நீர்ப் பிரிவுக்குச் சொந்தம். சுற்றியிருந்த புல்தரை தோட்டப் பிரிவுக்குச் சொந்தம். இரண்டு பிரிவும் ஒரே கூடத்தில், நடுவே ஒரு மஞ்சள் கோட்டோடு, பரம சமாதானமாக வாழ்ந்துவந்தன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தலைமை எழுத்தர். அவர் குளத்தில் வசம்புச் செடி வைக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுத் தொட்டியில் மண்டிக் கிடந்ததைப் பிரித்து, கூடைகளில் களிமண் போட்டு நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, குளத்தின் ஓரப்படியில் இறக்கிவைத்திருந்தார். அடி நாலு விரல் தண்ணீரில், தலை வெயிலில். இலைகள் கத்தி கத்தியாக நின்றன. "உங்க ஆபீஸ்ல ஒழுங்கா வளர்ற ஒரே விஷயம் அதுதான்" என்று மனைவி சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கு வந்த இயக்குநர் குளக்கரையில் நின்றார்.

"இது யாருது?"

நீர்ப் பிரிவு அதிகாரி எட்டிப் பார்த்தார். "இலையெல்லாம் வெளியில இருக்கு சார். தோட்டத்துக்காரங்களுது."

"வேர் தண்ணியில இருக்கே சார்" என்றார் தோட்டப் பிரிவு அதிகாரி. "தண்ணியில கை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

"யாருக்கும் சொந்தமில்லாதது இங்க என்ன பண்ணுது? பிடுங்கிப் போடுங்க."

எழுத்தர் குறுக்கே வந்து நின்றார். "ஓரத்துச் செடி சார். அது அப்படித்தான் நிக்கும்."

"ஓரம்னு நம்மகிட்ட ஒரு பிரிவு இல்லையேப்பா."

கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு குழு அமைந்தது. குழு கூடி, தேநீர் அருந்தி, பெருந்தன்மையோடு பரிந்துரைத்தது: 'மேற்படி தாவரத்தை நீர்மட்டத்தில் வெட்டி, மேற்பாகத்தைத் தோட்டப் பிரிவிடமும் கீழ்ப்பாகத்தை நீர்ப் பிரிவிடமும் முறைப்படி ஒப்படைக்கலாம்.'

தோட்டப் பிரிவின் கத்தரி தண்ணீரைத் தொடக் கூடாது என்பதால் ஓர் அங்குலம் மேலேயே வெட்டினார்கள். மேற்பாகம் தோட்ட அதிகாரியின் மேசையில் பத்திரமாகக் காய்ந்து சருகானது. கீழ்ப்பாகத்தை எழுத்தர் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தார். வெயிலில் குளம் வற்றியபோது, யாரும் பார்க்காத நேரமாகத் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

பிறகு மழை பெய்தது. பழைய இலைகள் போனதில் செடிக்கு மூச்சு வந்ததோ என்னவோ, ஒன்று பத்தாகத் தளிர்த்தது. ஓரத்துச் செடிக்கு அவ்வப்போது கத்தரி படுவது நல்லது என்பது தற்செயல். குழுவின் தொலைநோக்கு என்பது அலுவலக நிலைப்பாடு.

"ஒரு அறிக்கை எழுதுங்க" என்றார் இயக்குநர். "நல்லா எழுதுங்க."

செடி பிழைத்ததே, வார்த்தைக்கா பஞ்சம்? எழுத்தர் மனமுருகி எழுதினார்: 'இரு பிரிவுகளுக்கிடையே நிற்பவை எவையாயினும், உரிய இடத்தில் வெட்டப்பட்டால் செழிக்கும்.' கூடமே கையெழுத்திட்டுக் கைதட்டியது.

மறுவாரம் இயக்குநர் அதே அறிக்கையோடு வந்தார். பின்னால் அளவுநாடாவோடு ஒருவர்.

"உங்க சம்பளம் எந்தப் பிரிவுல?"

"நீர்ப் பிரிவுல சார்."

"உக்கார்றது?"

எழுத்தர் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் மஞ்சள் கோடு ஓடியது. "நாற்காலி தோட்டத்துல சார். கால் மட்டும்... தண்ணியில."

"அருமையா எழுதியிருக்கீங்க. உங்க பதவியிலேருந்தே வெட்ட ஆரம்பிச்சிடலாம்."

கைதட்டிய அத்தனை பேரும் சத்தமில்லாமல் குனிந்து, தங்கள் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள்.