வழிகாட்டிக் கருவிக்கு வியர்த்த கதை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் உட்கார்ந்து, எந்தக் கருவியை எப்படித் திறப்பது, எப்படித் துடைப்பது, எப்படி மூடுவது என்று ஊருக்கெல்லாம் செயல்முறைக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். அவற்றில் ஒன்றைக்கூட என் கையால் செய்து பார்த்ததில்லை. எழுதியவன் செய்து பார்க்க வேண்டும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. (நான் எழுதிய குறிப்பில் அது எப்படி இருக்கும்?)

ஓய்வுபெற்று போடிக்கே திரும்பியதும், வெளிநாட்டில் இருக்கும் மகன் மோட்டார் சைக்கிளில் பொருத்துகிற ஜிபிஎஸ் ஒன்றை வாங்கி அனுப்பினான். அதில் வழி பார்த்துப் போக எனக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. போடியிலிருந்து மலையேறி, போடிமெட்டைத் தாண்டினால் என் மனைவியின் தம்பி முருகேசனின் ஏலத்தோட்டம். அதற்கு ஒரே சாலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் வரிசையாக ஏறினால் போதும். வழி தவற வேண்டுமென்றால் பள்ளத்தில் விழுந்துதான் தவற வேண்டும். "ஒத்த ரோட்டுக்கு எதுக்குங்க மேப்பு?" என்று என் மனைவி சரோஜா கேட்டாள். பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க எனக்கு அனுமதி இல்லை.

சிக்கல் பத்தாவது வளைவில் தொடங்கும். கருவியின் கண்ணாடிக்குள் மெல்ல ஆவி படரும். போடிமெட்டு வருவதற்குள் திரை முழுக்க வெள்ளை. வெளியே துடைத்துப் பயனில்லை, ஈரம் உள்ளே இருந்தது. காரணம் எட்டாம் வகுப்புப் பாடம்தான். போடியின் புழுக்கமான காற்று டப்பாவுக்குள் அடைபட்டிருக்கிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியில் நீராகிறது. கருவியோடு வந்த கையேடும் இதற்கு ஒரே வரியில் தீர்வு சொல்லியிருந்தது: உலர்ந்த காற்றில் வைத்து மூடவும்.

உலர்ந்த காற்றுக்கு எங்கே போவது? அரிசி டிரம்மில் ஒரு வாரம் புதைத்து வைத்தேன். தவிடு ஒலிபெருக்கித் துளையில் புகுந்து, வழி சொல்லும் குரலுக்குச் சளி பிடித்தது. மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே திணித்தேன். மூடி மூடவில்லை. பாலித்தீன் உறை மாட்டிப் பார்த்ததில் உறைக்கும் தனியாக ஆவி படர்ந்தது. வழி தெரிந்த சாலையில் வழி தெரியாமல் நான் பட்ட எரிச்சலைச் சொல்லி முடியாது. எனக்கு ஜிபிஎஸ் தேவையே இல்லைதான். ஆனால் முப்பத்து நான்கு வருட அனுபவஸ்தனை ஒரு டப்பா தோற்கடிக்கலாமா?

அப்போதுதான் முருகேசனின் ஸ்டோர் நினைவுக்கு வந்தது. ஏலத்தோட்டங்களில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். வெளியே விறகடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். ஈரத்தை விரட்டுவதற்கென்றே கட்டிய அறை. இந்த மலையில் அதைவிட உலர்ந்த காற்று எங்கே கிடைக்கும்? சரோஜாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, கருவியோடும் திருப்புளியோடும் மூன்று வகை டேப்போடும் கிளம்பிவிட்டேன்.

நான் போன நாள் சாதாரண நாள் இல்லை. முருகேசன் புதிதாக நட்ட பாத்தியில் மூன்று வருடம் காத்திருந்து எடுத்த முதல் காய் அன்றுதான் தட்டுக்கு ஏறியிருந்தது. ஏலக்காயில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கிளிப்பச்சையாகக் காய்ந்து வந்தால் அந்தத் தோட்டத்துக்குப் பேர். வெளுத்தாலோ பழுத்தாலோ எவ்வளவு மணமிருந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். போடியில் ஒரு வியாபாரியிடம், "என் காயைப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்று முருகேசன் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தான். அவரைப் பார்த்து நாள் குறித்து வர அன்று காலையில் ஜீப்பில் இறங்கிப் போயிருந்தான்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் பேச்சியம்மாள். இருபது வருடமாக அடுப்பும் அறையும் அவர் பொறுப்பு. மதியம் அவருடைய பேரனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. தயங்கியபடி நின்றவரிடம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாராளமாகச் சொன்னேன்.

"வெறகு மட்டும் போடுங்க சாரு. அர மணிக்கு ஒருக்கா ரெண்டு கட்டை. வேற ஒரு சோலியும் இல்ல. மேல இருக்க சன்னலத் தொட்றாதீங்க. வெரசா வந்துர்றேன்."

சன்னலைத் தொடாதே என்று என்னிடம். மாநிலம் முழுக்க எந்தச் சன்னலை எப்போது திறப்பது என்று சுற்றறிக்கை அனுப்பியவனிடம். சிரித்துக்கொண்டேன்.

அவர் தலை மறைந்ததும் கருவியின் நான்கு திருகுகளைக் கழற்றி, மேல்தட்டில் காய்களின் நடுவே திறந்து வைத்தேன். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், கூரையை ஒட்டிய இரண்டு சன்னல்களிலும் வெள்ளையாக ஏதோ சுருள்கிறது. எதிர்ச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். எனக்கு ரத்தம் கொதித்தது. உலர்த்தும் அறைக்குள் பனி புகுகிறது, அதைத் திறந்து போட்டுவிட்டு ஒருவர் போயிருக்கிறார். இதற்குப் பெயர் பராமரிப்பா?

ஏணி வைத்து ஏறி இரண்டு சன்னல்களையும் அடைத்தேன். இடுக்குகளில் டேப் ஒட்டினேன். சற்று நேரத்தில் கதவின் சிறு கண்ணாடியில் உட்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்தது. பனி இன்னும் எங்கோ புகுகிறது என்று முடிவு செய்து கதவைச் சுற்றியும் ஒட்டினேன். ஈரத்தை அடக்க, சொன்னதற்கு மேல் நான்கு கட்டை கூடுதலாகப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து டேப்பைப் பிரித்து உள்ளே போனேன். மூக்குக்கண்ணாடியை ஒரே நொடியில் ஆவி மறைத்தது. கை நீட்டினால் கை தெரியவில்லை. கையேட்டில் உலர்ந்த காற்றில் மூடவும் என்று இருக்கிறதல்லவா? அங்கேயே நின்று, தடவித் தடவி நான்கு திருகுகளையும் முடுக்கினேன். நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. என் வியர்வை என்று நினைத்தேன். கூரையிலிருந்து விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும் கதவைச் சாத்திப் பழையபடி டேப் ஒட்டினேன்.

பேச்சியம்மாள் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவை இழுத்தார். இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி குப்பென்று அவர் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் ஏணியில் ஏறிச் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு தட்டை வெளிச்சத்துக்கு இழுத்தார். கிளிப்பச்சையைக் காணோம். அவித்த கடலையின் நிறத்தில், சிலது வாய் பிளந்து, முதல் காய் மொத்தமும் கிடந்தது.

"சாரு, காயப் போட்டீங்களா, அவிச்சீங்களா?"

பனி உள்ளே வந்தது என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"அது பனி இல்ல சாரு. காயோட தண்ணி. வெளிய போய்க்கிட்டு இருந்துச்சு."

ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. மிச்சம் நான்கு கிலோ தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி, காற்றின் ஈரம் பற்றி மட்டும் பதினொரு சுற்றறிக்கை எழுதியவனுக்குத் தோன்றவில்லை. அது போகிற வழியைத்தான் டேப் ஒட்டி அடைத்திருக்கிறேன்.

இருட்டுவதற்குள் முருகேசன் வந்துவிட்டான். வியாபாரி மறுநாளே பார்க்க ஒப்புக்கொண்டாராம், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொன்னான். பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். தட்டுக்குப் போய் ஒரு காயை எடுத்துக் கடித்தான். நெடுநேரம் மென்றான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சான், உங்க டப்பா காஞ்சிருச்சா?"

கையில்தான் இருந்தது. குளிரத் தொடங்கியிருந்த அந்தக் காற்றில், கண்ணாடிக்குள் இப்போது ஆவி இல்லை, நீர்மட்டமே இருந்தது. நான் கையைச் சாய்த்த பக்கமெல்லாம் அதுவும் சாய்ந்தது. அதற்குள் மீன் விடலாம். முருகேசன் அதை எட்டிப் பார்த்தான். பிறகு உள்ளே போய், வியாபாரிக்கு போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னான். யாரால் என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் பேச்சியம்மாள் உலர்த்தி முடித்த காயைச் சாக்கில் கொட்டி, நானும் சரோஜாவும் பொறுக்கினோம். நிறம் கெடாதவை ஒரு தட்டுகூடத் தேறவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சரோஜா அந்த இரண்டு நாளில் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை: "நகருங்க, வெளிச்சம்." வியாபாரி அடுத்த காய் எடுப்பில்தான் முருகேசனின் காயைப் பார்த்தார். அது பச்சையாகவே காய்ந்திருந்தது, பேரும் கிடைத்தது. அந்த எடுப்பின்போது மலைப்பக்கம் வரக்கூடாது என்று எனக்கு அன்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கருவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். (என் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.) தண்ணீரைக் கொட்டி, முருகேசன் வீட்டு வராந்தாவில் திறந்தபடி போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை, பனிமூட்டத்துக்கு நடுவில், திருகுகள் தொலையக்கூடாதே என்று அங்கேயே முடுக்கினேன். அதன்பின் அதில் ஒரு நாளும் ஆவி படரவில்லை. யோசித்தால் சரிதான். குளிர்ந்த காற்றில் தண்ணீர் குறைவாகத்தான் தங்கும். மலையுச்சியில் மூடிய டப்பாவுக்குள் மறுபடி குளிர்ந்து சொட்ட ஈரமே இல்லை. சூட்டைத் தேடியே போயிருக்க வேண்டாம். குளிரில் வைத்து மூடினால் தீர்ந்தது. இதை விளக்கி முருகேசனுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அவித்த காய் மட்டும் இரண்டு கிலோ வந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் அது போயிருந்தது. ஒரு வருடம் எந்த வீட்டில் பாயசம் குடித்தாலும், "மச்சான் சரக்கு, மணம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைக் கொடுத்தார்கள்.

ஸ்டோரின் இரண்டு சன்னல்களுக்கும் இப்போது பூட்டு இருக்கிறது. சாவி பேச்சியம்மாளின் இடுப்பில். புதிதாக வருகிறவர்கள் சன்னலுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்பார்கள், அவர் கதையைச் சொல்வார். போன மாதம் நான் பஸ்சில் போயிருந்த அன்று, அந்தப் போடி வியாபாரியே வந்திருந்தார். கதை முடிந்ததும், "இந்தா நிக்கிறாரே, இந்த சாருதான்" என்று பேச்சியம்மாள் என்னைக் காட்டினார். மனிதர் மரியாதையாகக் கும்பிட்டார். இறங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் வண்டியைக் கிளப்பும் முன், என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நான்கு கண்ணாடிகளையும் கீழே இறக்கினார். பதினேழு வளைவிலும் மழை என் மடியில்தான் பெய்தது. கார்க் கண்ணாடியில் ஆவி படராமலிருக்க முறையான வழி ஒன்று உண்டு. சன்னலைத் திறக்கவே வேண்டியதில்லை. அது எனக்கு மனப்பாடம். போடி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.