துக்க வீட்டில் நான் கிண்டிய கருவாட்டுக் குழம்பு

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். அப்படிப்பட்டவள், துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் ஜெபக் குழுவில் இருக்கிறேன் என்பதே பெரிய தமாஷ்.

என் வேலை பை தூக்குவது. ஜெபப் புத்தகம், ஜெபமாலை, மெழுகுவர்த்தி எல்லாம் அதில் இருக்கும். ஆறுதல் சொல்வது பிலோமினா அக்கா. பாகூரைச் சுற்றி எந்த வீட்டுக்குப் போனாலும், "பிலோமினா வரலியா?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். (நான் வந்திருக்கேனே, கண்ணு தெரியலியா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.) சாதாரணப் பொறாமை இல்லை அது. சர்ச்சில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை சொல்லி, மூன்றாம் முறை நான் வாயைத் திறந்ததுமே பங்குச் சாமியார், "பிலோமினாதானே?" என்று கேட்ட பொறாமை.

அக்காவின் முறையை ஐந்து வீடுகளில் கவனித்தேன். அளவு ரவிக்கையைப் பார்த்துத் துணி வெட்டுவதுபோல் மனசுக்குள் வெட்டி வைத்துக்கொண்டேன். இடது பக்கம் உட்காருவார். கையைப் பிடித்துக்கொள்வார். பத்து நிமிடம் பேசமாட்டார். பிறகு மெதுவாக, "அவருக்கு இன்னா சாப்பாடு புடிக்கும்?" என்பார். உடனே அழுகை உடையும், பேச்சு வரும், கடைசியில் ஒரு வாய் சோறும் இறங்கும். இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு பெயர் என்று நினைத்தேன்.

சோரியாங்குப்பத்தில் சவரியம்மா பெரியம்மாவின் கணவரை அடக்கம் செய்து மூன்றாம் நாள். பெரியம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சர்க்கரை நோயாளி; வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாது. ஒருமுறை தலைசுற்றி விழுந்தும்விட்டார். "எங்கம்மாவ ஒரு வாய் சாப்பிட வைங்க" என்று மகள் ஜெயா போனில் அழுதாள். பிலோமினா அக்கா வில்லியனூரில் ஒரு விசேஷ வீட்டில் இருந்தார். "நான் அஞ்சு மணிக்கு வந்துடறேன். நீ போய் சும்மா குந்தியிரு" என்றார்.

சும்மாவா! நாலு மணிக்கே போய்விட்டேன்.

இடது பக்கம் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போனதும் கேட்டேன். "பெரிம்மா, பெரிப்பாவுக்கு இன்னா சாப்பாடு புடிக்கும்?"

பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு: "ஒரு எழவும் புடிக்காது."

அக்காவிடம் நான் எடுத்த அளவில் இது இல்லை.

"இன்னா வச்சாலும் புளி ஏறிப்போச்சும்பாரு. எனக்குக் கருவாடுன்னா உசுரு. நாத்தம், நாத்தம்னு முப்பது வருசமா ஒரு துண்டு இந்த வூட்டுக்குள்ள வரவுடலியே! எதிர்வூட்ல கொதிக்கும், நான் இங்க மூக்கால தின்னுக்கினு இருப்பேன்." மாலை போட்ட போட்டோவை நோக்கி விரலை நீட்டினார். "வேணும்னா அவரையே கேளு!"

பிறகு எழுந்தேவிட்டார். "ஜெயா! எதிர்வூட்ல கருவாடு வாங்கியா. கத்திரிக்கா இருக்குதா பாரு."

அம்மா சாப்பாட்டைப் பற்றிப் பேசிய சந்தோஷத்தில் ஜெயா ஓடினாள். ஆனால் அடுப்புக்கு முன்னால் தயங்கி நின்றாள். காரியம் முடியும்வரை துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள். கிறிஸ்தவ வேதக்காரர்கள் ஆனாலும் இதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

"வூட்டு ஆளுங்கதானே பத்தவைக்கக் கூடாது?" என்றார் பெரியம்மா என்னைப் பார்த்து. "நீ வேத்தாளு. நீ பத்தவை."

முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பற்றவைத்தேன்.

கருவாட்டுக் குழம்பு ரகசியமாகக் கொதிக்கும் பொருள் இல்லை. பெரியப்பாவின் அக்கா நாலு பெண்களோடு உள்ளே வந்தபோது என் கையில் கரண்டி.

"அடிப்பாவி! மாலைல பூ கூட வாடலியே! ஜெபம் பண்ண வந்தியா, கொழம்பு வைக்க வந்தியா?"

"கேஸ் அடுப்புதானே..." என்று நான் சொன்னதாக ஞாபகம். (இன்றுவரை இதற்கு விளக்கம் கேட்கிறார்கள்.)

அந்தச் சத்தத்துக்கு நடுவே பெரியம்மா தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய். இரண்டு வாய். அப்போதுதான் பிலோமினா அக்கா வந்தார். போய் இடது பக்கம் உட்கார்ந்து, தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைத்தார்.

மூன்றாவது வாயில் பெரியம்மாவின் கை நின்றது.

"அந்த மனுசன் இருந்திருந்தா இந்நேரம் மூக்கப் பொத்திக்கினு வாசல்ல போயி குந்தியிருப்பாரு" என்றார். பிறகு அழுதார். மூன்று நாள் அழுகை. அழுதுகொண்டே பிலோமினா அக்காவின் தோளில் சாய்ந்தார்.

நானும் அழுதேன். பாதி பெரியம்மாவுக்காக. மீதி, அந்தத் தோள் என்னுடையதாக இல்லையே என்று. அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே நான் உட்கார்ந்திருப்பேனே!

"பிலோமினா வந்து குந்தினா, சவரியம்மா சாப்ட்டா" என்று தெரு முழுக்கப் பேசினார்கள். அடுப்பு பற்றவைத்த பாவம் மட்டும் என் பெயரில் நின்றது. எங்கள் வீட்டில் கருவாடு வாங்கும் நாளெல்லாம் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "ஸ்டெல்லா, உள்ள வரலாமா? காரியம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழியில்லை.

நான் அடுப்பு பற்றவைத்த மறுநாள் காலை பெரியம்மா மீந்த குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டாராம். சாயங்காலம் மணப்பட்டில் ஒரு துக்க வீடு. பிலோமினா அக்கா பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.