பெண் பார்க்க வந்தவர் தன் கதையைச் சொன்னதால் வந்த வினை

இராஜபாளையம்,
புதன்கிழமை காலை.

அன்புள்ள வேதமணி அக்காவுக்கு, தம்பி ஞானராஜ் எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் இங்கே மூன்று பேரும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். சரீரம் என்று குறிப்பாக எழுதக் காரணம், மற்றது எதுவும் சுகமாக இல்லை. நாசரேத்தில் நீயும் அத்தானும் நலமாயிருக்கவும், அத்தானின் முழங்கால் வலி குறையவும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே "போதும்ல, வை" என்றுவிடுவாய். இது முழுதாகச் சொல்லவேண்டிய சங்கதி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மகள் எலினா சென்னையிலிருந்து வந்து வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அது பொய். ஜனவரியிலேயே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு வேலை தேடுவதற்கு. நீ என்னை நம்பித்தான், உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சரிடம் சொல்லி, வக்கீலாக இருக்கும் அவர் மகன் பெனினுக்குச் சம்பந்தம் பேசினாய். என் பொய் உன் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மன்னித்துக்கொள். இப்போது முடியாவிட்டால் கடிதத்தின் கடைசியில் மொத்தமாக மன்னி.

வேலை போன பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிட்டாயா என்றால் "ம்". ஜெபத்துக்கு வா என்றால் "ம்". இரண்டு மாதம் இப்படிப் போய், ஒருநாள் அவள் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். செல்வக்கனி நடுங்கிப்போய், "எம்பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, பாஸ்டரக் கூப்பிடுங்க" என்றாள். கதவைத் திறந்து பார்த்தால், யாரோ ஒரு ஆள் தன்னைப் பற்றியே எழுதுகிற கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நானும் வாங்கிப் படித்தேன். அந்த ஆள் ஷூ வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். சாக்ஸில் பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதைக் கடைக்காரப் பெண் பார்த்துவிடக் கூடாதென்று, போட்டுப் பார்க்காமலே "சைஸ் கரெக்டா இருக்கு" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டாராம். இரண்டு சைஸ் பெரிசு. முன்னால் பேப்பரைத் திணித்துக்கொண்டு ஒரு வருஷம் நடந்தாராம். இதற்கு ஆறு பக்கம். கடைசியில் நீதி ஏதாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை.

"ஏட்டி, படிச்ச மனுசன் இதையெல்லாம் வெளிய சொல்லுவானா?" என்றேன்.

"எங்க ஃப்ரெண்ட்ஸ் அம்புட்டு பேரும் இவரத்தாம்பா படிக்கோம்."

"ஏன், வாழ்க்கையில ஜெயிச்சவங்க எழுதுனது இல்லையா?"

"ஜெயிச்சவங்கதான் போனத் தொறந்தாலே வாராங்களே. ஒருத்தி புது வேலைங்கா, ஒருத்தன் வீடு வாங்கிட்டேங்கான். இவரு ஒருத்தருதான், நான் சொதப்பிட்டேன்னு சொல்லுதாரு. அதப் படிச்சா செத்த நேரம் மூச்சு விட முடியுது."

எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்பதால் விட்டுவிட்டேன். விட்டதுதான் தப்பு.

போன சனிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர், அவர் வீட்டுக்காரர் பெலிக்ஸ் சார், பெனின் மூவரும் ஒரு கிலோ பால்கோவாவோடு பெண் பார்க்க வந்தார்கள். வேலை போன பேச்சை எடுக்கக் கூடாது என்று எலினாவிடம் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தேன். அது போதாதென்று நானே, "போன மாசந்தான் இன்க்ரிமென்ட் போட்டாங்க" என்று எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை அக்கா, பயத்தில் தானாக வந்தது. பிறகு மரியாதைக்காக, "கோர்ட்டு வேலையெல்லாம் எப்படிப் போகுது தம்பி?" என்றேன். பெலிக்ஸ் சார் முந்திக்கொண்டு, "சீனியர் எல்லாத்துக்கும் இவனத்தான் அனுப்புதாரு" என்றார்.

"டீ வாங்கத்தான் அங்கிள்" என்றான் பெனின்.

அதோடு நிறுத்தினானா என்றால் இல்லை. முதன்முதலாக வாதாட எழுந்த அன்று, பதற்றத்தில் எதிர்த்தரப்பு மனுவைக் கையில் எடுத்து, கால் மணி நேரம் உருக்கமாக வாசித்தானாம். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி, "தம்பி, நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டாராம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டாராம். இவனுடைய கட்சிக்காரர் மம்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி, வெளியே வந்து தோளைத் தட்டி, "நல்லாத்தான் பேசுனீக, எனக்கே அவம்மேல எரக்கம் வந்துட்டு" என்றாராம்.

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. எலினா டீயோடு வந்தாள், வந்த வேகத்தில் பாதி டீ சாசரில். "நீங்க அந்த சாக்ஸ் கட்டுரை படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். "அதப் படிச்ச பொறவுதாங்க இத வெளிய சொல்லவே தைரியம் வந்துச்சு" என்றான் அவன். அவ்வளவுதான், தன் வேலை போன கதையைத் தொடங்கிவிட்டாள். என் கண்ணை அவள் பார்க்கவே இல்லை. கம்பெனியில் வீடியோ மீட்டிங் என்று கூப்பிட்டபோது, ஏதோ பரிசு அறிவிக்கப் போகிறார்கள் என்று பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்து உட்கார்ந்தாளாம். அவர்கள் இங்கிலீஷில் சுற்றி வளைத்து, இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி என்றதும் இவள் கை தட்டினாளாம்.

"நான் ஒருத்திதான் தட்டுனேன். மத்தவங்க எல்லாம் அழுதுட்டு இருந்தாங்க. எனக்கு நெட்டு ஸ்லோ, லேட்டாத்தான் தெரிஞ்சுது."

பெனின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெரியவர்கள் நாலு பேரும் சிரிக்கவில்லை. பெலிக்ஸ் சார் மெதுவாக என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த இன்க்ரிமென்ட்?" என்றார். "அது முன்னால வந்தது" என்றேன். "போன மாசம்னீங்க" என்றார். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் வீடு காலி.

பால்கோவா மட்டும் தங்கிவிட்டது. தின்றால் சம்மதம் என்றாகுமா, திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்றாகுமா என்று செல்வக்கனி பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறினேன். முன்கூட்டிச் சொன்னால் வரவேண்டாம் என்பார்களோ என்று சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கதவைத் திறந்த டீச்சர் திகைத்துப்போய், "அவிய உங்க வீட்டுக்குல்லா போயிருக்காவ, மன்னிப்புக் கேக்க" என்றார். எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் செல்வக்கனி போனில், "பெலிக்ஸ் சார் வந்து உக்காந்திருக்காவ, நீங்க எங்க சுத்துதீக?" என்றாள். நான் வருகிறேன் என்றேன். பெலிக்ஸ் சார் போனை வாங்கி, "நீங்க இருங்க, நான் வாரேன்" என்றார். ரெண்டு பேரும் கிளம்பினால் மறுபடி வழியில் தாண்டிவிடுவோம் என்று பெண்கள் இருவரும் எங்களை அங்கங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். மத்தியானம் அவர் என் வீட்டில் சாப்பிட்டார், நான் அவர் வீட்டில் சாப்பிட்டேன்.

கோர்ட்டிலிருந்து சாப்பிட வந்த பெனின் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நாலு பேர் முன்னால அதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையா தம்பி?"

"இருந்துச்சு அங்கிள். ஒரு வருசம் யாருட்டயும் சொல்லல. கோர்ட்டுல எவன் சிரிச்சாலும் என்னப் பத்தித்தான்னு தோணும். நானே சொல்லிச் சிரிக்க ஆரம்பிச்ச பொறவு, மத்தவங்க சிரிக்கது வலிக்கல." சோற்றைப் பிசைந்துகொண்டே, "எலினா எத்தன மாசமா யாருட்டயும் சொல்லாம இருந்தாங்க?" என்று கேட்டான்.

விரலில் எண்ணிப் பார்த்தேன். "எட்டு மாசம்."

யார் சொல்லவிடவில்லை என்று அவன் கேட்கவில்லை. என் இலையில் ரசம் ஊற்றினான்.

அங்கே பெலிக்ஸ் சார் எலினாவிடம், "எம்மகனுக்குச் சொந்த ஆபீஸ் இருக்குன்னு உங்க அத்தைட்ட சொல்லவச்சது நாந்தாம்மா. ஒரு மேசைகூடக் கெடையாது" என்றாராம். அவர் மன்னிப்புக் கேட்கப் போனது இதற்குத்தான். வந்தவருக்கு வைக்க வேறு இனிப்பு இல்லாமல், செல்வக்கனி அந்தப் பால்கோவாவையே பிரித்து வைத்தாள். "நல்லாருக்கே, எங்க வாங்குனீக?" என்றாராம்.

இவ்வளவும் நடந்து, இரு வீட்டிலும் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. யோசித்துப் பார். வாயை அடக்கத் தெரியாத இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டால், நம் குடும்பத்து மானக்கேடெல்லாம் ஆறாறு பக்கமாக வெளியே வரும். மில்லில் முப்பத்து மூன்று வருஷம் பெயர் கெடாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே அக்கா, டீச்சரிடம் நீயே பக்குவமாகப் பேசி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடு. சேத்தூர்ப் பக்கம் ஒரு பையன் இருக்கிறானாம். அதிகம் பேசமாட்டானாம். அதை விசாரிப்போம்.

அத்தானுக்கு எங்கள் ஸ்தோத்திரம். வெயிலில் அலையவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
ஞானராஜ்

பி.கு.: டீச்சரிடம் எதுவும் பேசிவிடாதே. பெலிக்ஸ் சார் இப்போதுதான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நிச்சயதார்த்தம் பேச வருகிறார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். இன்னொன்று, எழுத உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. உன் கல்யாணத்தன்று பாதி ஆராதனையில் கோயிலில் கரண்ட் போய், பாட்டுப் பெட்டி நின்று, ஃபேன் நின்று, அத்தான் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியபடி நின்றாரே, அது கரண்ட் ஆபீஸ் செய்த வேலை இல்லை. பின்னறையில் என் பேன்ட்டைத் தேய்க்க நான்தான் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். ஃபியூஸ் போயிற்று, பேன்ட்டும் பொசுங்கிவிட்டது. உன் கல்யாணப் போட்டோ எதிலும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாததற்குக் காரணம் அதுதான். எனக்கு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, வந்தவர்களிடம் எல்லாம் அதை நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அத்தான் கரண்ட் ஆபீசுக்கு ஏழு மனு போட்டார், இரண்டுக்கு முகவரி எழுதிக் கொடுத்ததே நான்தான். முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல நேரம் பார்த்து அவரிடம் சொல். சிரித்தாரா என்று மட்டும் எனக்கு எழுது.