பட்டை டாக்டரும் பதினாலு எழுத்தும்

எங்கள் திருவண்ணாமலையில் சாமியார்களுக்கு அளவே இல்லை. அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் பட்டை டாக்டரை உட்கார வைத்தால், டாக்டர் தட்டுதான் தரையைத் தொடும். ஆள் என்னவோ நாற்பத்தைந்து கிலோதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேரைக் கூவி ஆள் ஏற்றியே, பத்து வருஷத்தில் செங்கம் ரோட்டில் மாடி வைத்து லாட்ஜ் கட்டினேன். அப்படிக் கட்டிய இன்னொருவனைக் காட்டுங்கள், பார்க்கலாம். எழுபதுகளின் நடுவில் அந்த மாடிக்குக் குடிவந்தவர்தான் டாக்டர். காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மரப்பட்டையைக் காய்ச்சி, அதற்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் ஆராய்ச்சி.

மதுவிலக்குக் காலம் அது. "நம்ம மாடி டாக்டர் பட்டை காய்ச்சுறாரு" என்று நான் பெருமையடித்ததை ஊர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒருவர் காலேஜுக்கே வந்துவிட்டார்.

"எவ்ளோ நாளா ஊறுது சார்?"

"ஒம்போது நாளா."

"என்ன பட்டை?"

"வேப்பம்பட்டை."

"கசக்குமே சார்!"

"அந்தக் கசப்பைத்தாங்க தேடுறேன்."

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். பட்டை டாக்டர் என்ற பேர் நின்றுவிட்டது.

பதினோரு வருஷத்தில் அவர் எழுதியது நாலே கட்டுரை. ஒன்று மட்டும் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது.

"இதுக்குள்ள நான் மூணு லாட்ஜ் கட்டிட்டேன் சார். நீங்க ரொம்ப கம்மி" என்பேன்.

"லாட்ஜ்ல தப்பு இருந்தா இடிச்சுக் கட்டலாம் பாய். கட்டுரைல தப்பு இருந்தா, எவனோ அதை நம்பி மேல கட்டிடுவான்" என்பார்.

புது பிரின்சிபால் வந்தார். "உங்க கட்டுரையை உலகத்துல ஒருத்தராவது தன் கட்டுரைல எடுத்துச் சொல்லியிருந்தா காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை அந்த ரூம் என்.சி.சி.க்குப் போயிடும்" என்றார். பட்டை காய்ச்சும் ரூம் போனால் டாக்டரும் போன மாதிரிதான். மூன்று நாள் அவர் இட்லியைக்கூடத் தொடவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே அவரை மெட்ராஸுக்கு இழுத்துப் போனேன். அங்கே பெரிய லைப்ரரி ஒன்றில், யார் கட்டுரையை யார் எடுத்துச் சொன்னார் என்று பேர் வரிசையில் போட்ட புத்தகங்கள், செங்கல் செங்கலாக இருந்தன. டாக்டர் பேர் 'எம்'மில் ஆரம்பிக்கும். 'எம்' புத்தகத்தைப் பிரித்தார், மூடினார். அடுத்த வருஷத்து 'எம்'மையும் பிரித்தார், மூடினார்.

"ஒருத்தர்கூட இல்ல பாய்."

கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை. பஸ் பலகையில் தினமும் பார்த்துப் பழகிய பதினாலு எழுத்து. நம்ம ஊராவது இதில் இருக்கிறதா பார்ப்போம் என்று 'டி' போட்ட புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது!

"சார்! நம்ம ஊரு!"

"கத்தாதீங்க பாய், லைப்ரரி" என்று எட்டிப் பார்த்தவர், என்னைவிட ஜாஸ்தியாகக் கத்தினார்.

நடந்தது இதுதான். வெளிநாட்டுக் கட்டுரையில் டாக்டர் தன் பேரை எழுதி, கமா போட்டு, ஊரையும் எழுதியிருக்கிறார். அச்சில் கமா விட்டுப்போனது. கடைசியில் இருப்பதுதான் ஆள் பேர் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக, 'திருவண்ணாமலை கண்டுபிடித்தார், திருவண்ணாமலை சொன்னது சரி' என்று பத்தொன்பது பேர் எழுதியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் ஜெராக்ஸைப் பார்த்தார். "இது ஊர் பேராச்சே?"

"ஆமாங்க. ஊர்ல இந்தப் பட்டையைக் காய்ச்சுறது நான் ஒருத்தன்தானே" என்றார் டாக்டர்.

ரூம் தப்பியது. என்.சி.சி. சைக்கிள் ஷெட்டுக்குப் போனது.

"கண்டுபிடிச்சது நான்" என்று அன்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் காலேஜ் ரூமுக்குப் போனேன். "பத்திரிகைக்கு லெட்டர் போட்டுப் பேரைத் திருத்தச் சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் பாய். திருத்திட்டா, அப்புறம் உங்களால படிக்க முடியாதே."