முனி முடக்கும் மூன்று குதிரைகளும்

இலங்கைத் தேயிலை மலையில், தெமோதரைக்கு மேலே முனி முடக்கு என்றொரு வளைவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில் அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்திருந்தால் தேர்த் திருவிழாவே வெட்கப்பட்டிருக்கும். எல்லாம் குதிரைச் சாமிக்காக! மந்திரத்தாலேயே இஞ்சினுக்குள் குதிரை கட்டுகிற மகான். உலகத்தில் வேறு யாரும் செய்யாத வேலை. ஏன் செய்யவில்லை என்று கேட்கத்தான் ஆளில்லை.

சாமியின் முதல் பக்தர், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் மஹ்ரூப் நானா. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிளை மலிவாக வாங்கி, தோட்டம் தோட்டமாகத் துணி விற்றுவந்தார். சமதரையில் வண்டி பறக்கும். முனி முடக்குக்கு வந்ததோ, போச்சு! இஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், பின்சக்கரம் அசையாது. அந்த இடத்தில் பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் கொட்டும். இஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கிற தோல் பெல்ட் தொப்பலாக நனையும். கண்ணெதிரே கொட்டுகிற தண்ணீரை விட்டுவிட்டு, யாரும் பார்த்தேயிராத முனியின் மேல் பழியைப் போட்டார்கள். எவ்வளவு கூர்மையான கண்கள்!

சாமி வந்தார். முணுமுணுத்தார். மடியிலிருந்து மஞ்சளாக ஒரு தூளை எடுத்துப் பெல்ட்டில் தூவினார். வண்டி ஒரு துணி மூட்டையோடு முடக்கைத் தாண்டிவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? முதுகுவலிக்காரன், மாடு தொலைத்தவன், மாமியாரோடு மல்லுக்கட்டியவள் எல்லோரும் சாமி காலடியில். தேங்காயும் கோழியுமாகக் குவிந்தது.

குளிர் வந்தது. தோட்டத்தின் மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கம்பளி ஏற்ற வேண்டும். இரண்டு மூட்டை. வண்டி பாதி ஏற்றத்தில் இருமி இருமி நின்றது.

"முதலாளி, இது மூணு குதிரைச் சக்தி வண்டி. இன்னும் மூணு குதிரை கட்டணும். குதிரைக்கு ஒரு தங்க வளையல்" என்றார் சாமி.

"குதிரைக்கு எதுக்கு சாமி வளையல்?"

"லாடம் அடிக்கத்தான்!"

நானா தலையை ஆட்டிவிட்டார். படித்த மனுஷன்தான், என்ன செய்ய!

வீட்டில் மனைவி ஸுலைஹாவின் கையில் சரியாக மூன்று வளையல்கள்.

"புது இஞ்சின் வாங்க ஏலாது புள்ள. இதுதான் மலிவு."

"மலிவா? என்ட கலியாண வளையல் ஒங்களுக்கு மலிவா?"

அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தாள். சட்டைப் பையில் வளையல்கள் கிலுங்க முடக்குக்குப் போன மஹ்ரூப்புக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனார்.

சாமி தூளைத் தூவும்போது, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த இராக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்கை நீட்டினாள்.

"அட, இது குங்கிலியமுல்ல! மழ நாள்ல ஸ்டோரு மெசின் பெல்ட்டு வழுக்குச்சுன்னா இதத்தானே அள்ளிப் போடுறோம்! சாமி முந்தி எந்த ஸ்டோருல இருந்தீங்க?"

சாமி கண்ணை உருட்டினார். "பாவி! நாக்கு அழுகிரும்!"

"அழுகட்டுங்க. நானா, வளையலக் குடுக்காதீங்க. தூள் என்கிட்ட இருக்கட்டும், மந்திரத்த சாமி வச்சிக்கிடட்டும். மந்திரத்துக்குச் சக்தி இருந்தா வண்டி ஏறணுமுல்ல?"

பைக்குள் போன மஹ்ரூப்பின் கை அப்படியே நின்றது. ஸுலைஹாவின் அழுத முகம் நினைவுக்கு வந்தது.

"அதானே! நீங்க ஓதுங்க சாமி, பாப்பம்" என்றார்.

ஒரு மூட்டையை இறக்கினார்கள். பெல்ட்டைக் கழுவினார்கள். சாமி மூச்சு முட்ட ஓதினார், வியர்த்தார், சூடம் கொளுத்தினார். இஞ்சின் கத்தியது. சக்கரம் அசையவில்லை.

பிறகு பெல்ட்டைத் துடைத்து, இராக்கம்மா ஒரு பிடி தூளைத் தூவினாள். "நானா, நீங்களே ஒரு மந்திரஞ் சொல்லுங்க."

"கத்தரிக்கா, பூசணிக்கா, வெண்டிக்கா!" என்று முழங்கிக்கொண்டே மஹ்ரூப் வண்டியைக் கிளப்பினார். வண்டி முடக்கைத் தாண்டி, மேலே போய்த்தான் நின்றது.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சாமியைக் காணோம். மூன்று குதிரை பூட்டியது போல இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கோழி கொடுத்தவர்கள் பின்னாலேயே.

"ரெண்டு மூட்டைக்கு என்ன செய்ய, புள்ள?" என்று இறங்கி வந்து இராக்கம்மாவிடம் கேட்டார் மஹ்ரூப்.

"பெல்ட்டு ஓடுற இஞ்சின் பக்கத்துச் சக்கரத்தச் சின்னதா மாத்துங்க. வேகம் கொறையும், இழுவ கூடும். தேயில உருட்டுற மெசினே அப்படித்தானே சுத்துது! எங்க வீட்டுக்காரரு ஸ்டோருல மெசினு பாக்குற பிட்டரு, அவரு செஞ்சு தருவாரு."

அவள் கணவன் வீரய்யா பழைய இரும்பில் ஒரு சின்னச் சக்கரம் கடைந்து மாட்டினான். கூலி ஒரு கம்பளி. மறுவாரம் இரண்டு மூட்டையோடு வண்டி ஆமை வேகத்தில், ஆனால் நிற்காமல், மேல் டிவிசனுக்கு ஏறியது. ஸுலைஹாவின் வளையல்கள் அவள் கையிலேயே கிலுங்கிக்கொண்டிருந்தன.

மேலே காத்திருந்த கூட்டம் ஓடி வந்தது. இராக்கம்மாவும் கூலிக் கம்பளியை வாங்க வந்திருந்தாள். ஒருவன் சின்னச் சக்கரத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தான். இன்னொருவன் தேங்காயை ஓங்கினான். "சின்னச் சக்கரச் சாமிக்கு அரோகரா!"

இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.

"பொட்டு எதுக்குடா? எண்ணெய் விடுங்க. மிச்சமிருந்தா ஒங்க மூளைக்கும் ரெண்டு சொட்டு விடுங்க. சும்மா கெடந்து துருப்புடிச்சுப் போச்சு!"